மாக்கான் என்னும் வினை

லகாட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவன், 'மாக்கான்' என்றால் உண்ணுதல் என்பதை முதலாம் ஆண்டிலேயே அறிந்துவிடுகிறான். இடர்ப்பாடு அதன் பின்னரே தொடங்குகிறது.

'மாக்கான் ஆங்கின்' என்பது உலாப் போதல். அதனைக் 'காற்றை உண்டார்கள்' என்று பெயர்ப்பவன், தன் பாட்டி மாலைதோறும் திண்ணையில் 'காற்று வாங்குவதை' மறந்தவனாகிறான். மலாயில் உண்ணும் வினை ஆற்றும் பணியைத் தமிழில் பல இடங்களில் வாங்கும் வினையே ஆற்றுகிறது. 'மாக்கான் காஜி' என்பவர் சம்பளம் உண்பவரல்லர். சம்பளம் வாங்கி உழைப்பவர். 'மாக்கான் ஹாத்தி'யோ சொல்லுக்குச் சொல் ஈரலை உண்ணுதலாகும். அவ்வாறே எழுதினால் பேய்க்கதையாகிவிடும். உள்ளுக்குள் மனம் வெதும்புதல் என்பதே பொருள்.

சிற்சில இடங்களில் இரு மொழிகளும் வியப்புற ஒன்றுபடுகின்றன. 'மாக்கான் சுவாப்' என்பது இலஞ்சம் பெறுதல். 'சுவாப்' என்பது கையால் வாயில் இடும் கவளம். தமிழும் அதனைக் கையூட்டு என்றன்றோ வழங்குகிறது!

மிகுந்த விழிப்பு வேண்டுவது உப்பிடத்தில்தான். 'மாக்கான் காராம்', அதாவது உப்புண்ணல், மலாயில் பட்டறிவைக் குறிக்கும். பணி ஓய்வு பெறும் பெரியவரைப் பாராட்டக் கருதி, 'இவர் நிறைய உப்புத் தின்றவர்' என்று தமிழில் வாழ்த்துரை எழுதினால், அவையோர் அடுத்துத் தண்ணீரை எதிர்பார்ப்பர். பிழை செய்து அதன் பயனை நுகர வேண்டியவர் என்றே கொள்வர். வாழ்த்து வசையாகிவிடும். தமிழில் பட்டறிவு பெற்றவர் உப்பையன்று, பழத்தைத் தின்று கொட்டை போட்டவர். அத்தொடரிலும் சற்றே குறும்பு உண்டு. மேடைக்கு, 'பட்டறிவு மிக்கவர்' என்பதே போதும்.