வாராதவர் பங்கு

சென்னைக்கு மேற்கேயுள்ள ஐயப்பன்தாங்கலின் பெயரிலேயே ஒரு நீர்நிலை உண்டு; தாங்கல் என்பது சிற்றேரி. முற்காலத்தில் ஏரிக்கரைகளை ஊரார் ஒன்றுகூடிச் செப்பனிட்டனர், அதுவே குடிமராமத்து. கரை உடைந்து பயிர் அழிந்தால், பணிக்கு வாராதவன், ‘மண்வெட்டியையே யான் தொட்டிலேன்’ என்று கூறித் தப்ப இயலுமோ?

வாக்குரிமையும் அத்தகையதே. 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், சென்னைத் தியாகராய நகர்த் தொகுதியின் வெற்றியை முடிவு செய்தவை 137 வாக்குகளே. வாக்களிக்க வாராதவரோ பல்லாயிரவர்! அம்முடிவு அவர்தம் கையிலும் இருந்ததன்றோ?

நோயுற்றோரையும், பட்டியலில் பெயர் விடுபட்டோரையும் பழித்தல் முறையன்று. வேட்பாளர் எவரையும் விரும்பாதார்க்கும், அதனைப் பதிவுசெய்ய 2013 முதல் ‘நோட்டா’ உண்டு. ஏனையோர் வாளாவிருத்தலும் ஒரு செயலே; அதன் விளைவில் அவர்க்கும் பங்குண்டு. பதினெட்டு வயது நிரம்பும் நாளில் மாணவர் இதனை நினைவிற்கொள்வாராக.