யாரும் ஊர் கேட்காத வசந்தம்

பங்குனி பிறந்தால் எனக்கு ரொறன்ரோ ஞாபகம் வந்துவிடும். இங்கே தென்மராட்சியில் முற்றத்து மணல் சுடத் தொடங்கும் மாதம் அது. திங்கட்கிழமைகளில் பொங்கல் பானையும் விறகுமாகப் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குச் சனம் போய்க்கொண்டிருக்கும். அதே நாட்களில் ஒன்ராறியோவின் தோப்புகளில் மேப்பிள் சாறு வடியத் தொடங்கியிருக்கும். இரவில் உறையும் குளிர், பகலில் இளம் வெயில் என்று மாறி மாறி வந்தால்தான் அந்தச் சாறு வடியும். மரங்கள் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கும். வீதியோரத்துப் பனி கறுத்து அழுக்காகக் கிடக்கும். இருந்தாலும் சனிக்கிழமை காலையானதும் சனம் வெளியே இறங்கிவிடும்.

கார்த்திகையில் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே போன சனம் அது. அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று இருட்டில் எரியும் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி மாதக் கணக்கில் முகம் பாராமல் இருந்தவர்கள் முதல் வெயிலுக்குப் படலையடியில் வந்து நின்று கையசைப்பார்கள். குளிர்காலத்துக்குள் ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கும். இன்னொரு வீட்டில் முதியவர் ஒருவர் இறந்திருப்பார். எல்லாச் செய்தியும் அன்றைக்குத்தான் வாசலில் வைத்துத் தெரியவரும்.

வசந்தத்தின் முதல் பயணம் மேப்பிள் பாகு காய்ச்சுகிற இடத்துக்கு. ரொறன்ரோவைச் சுற்றிப் பல தோப்புகளில் பங்குனி முழுக்க வார இறுதிகளில் காய்ச்சிக் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது எல்மைரா. நகரத்துக்கு மேற்கே, காரில் ஒன்றரை மணித்தியாலத் தூரம். பழைய வாழ்க்கை முறையை விடாத மெனனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகள் இன்றும் குதிரை வண்டியில் போய்வரும் நாட்டுப்புறம். 1965 முதல் அங்கே மேப்பிள் பாகு விழா நடக்கிறது. ஒரு சனிக்கிழமை ஊரின் பிரதான வீதியை வாகனங்களுக்கு மூடிவிட்டுப் பான்கேக் சுட்டுப் போடுவார்கள். வேலை செய்கிறவர்கள் ஊரவர்கள், தொண்டர்கள். சேருகிற பணம் அறப்பணிகளுக்குப் போகும். அண்ணளவாக நாற்பது லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும். ஐரோப்பியர் வருமுன்னரே அந்த மண்ணின் ஆதிக்குடிகள் அறிந்திருந்த தொழில் இது. பெரிய தட்டில் சாறு கொதித்து ஆவி எழும்பும்போது வருகிற மணம், எங்கள் ஊரில் கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றுகிற கொட்டிலின் மணத்துக்குக் கிட்ட வரும். கொதிக்கும் பாகைச் சுத்தமான பனியின் மேல் ஊற்றி, அது இறுகியதும் ஒரு குச்சியில் சுருட்டிக் கையில் தருவார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. ஆனால் இருவர் வாயிலும் ஒரே பாகு இழுபடும்போது கதை தானாக வந்துவிடும்.

பிறகு ஹை பார்க் பூங்கா. நாங்கள் இருந்த ஸ்காபரோவில் இருந்து பஸ்ஸில் கென்னடி நிலையத்துக்கு வந்து, அங்கே சுரங்க ரயில் ஏறினால் நகரத்தின் அடிவயிற்றால் கிழக்கில் இருந்து மேற்கே நேராகக் கொண்டுபோய் விடும். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ கிரெனடியர் குளத்துச் சரிவில் சகுரா என்ற ஜப்பானியச் செர்ரி மரங்கள் பூக்கும். பூ நான்கு நாளில் இருந்து பத்து நாள் வரைதான் நிற்கும். ஒரு காற்றடித்தால் அதுவும் இல்லை. அந்த வார இறுதியில் ரயிலில் நிற்க இடம் இராது. சேலை கட்டிய அம்மம்மாமார், மணக்கோலத்தில் சீனத் தம்பதிகள், சோமாலியக் குடும்பங்கள், சக்கர நாற்காலியில் மகன் தள்ளிக்கொண்டு வரும் போர்த்துக்கீசத் தாத்தா என்று எல்லோரும் ஒரே சரிவில் இறங்குவார்கள்.

அந்த மரங்கள் அங்கே வந்த கதையை அறிந்த பிறகு என்னால் அவற்றைச் சும்மா பூவாகப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், கனடாவின் பசிபிக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை அரசாங்கம் வீடு வாசலை விட்டு அப்புறப்படுத்தியது. வீடும் தோட்டமும் மீன்பிடிப் படகும் பறித்து விற்கப்பட்டன. போர் முடிந்த பின்னும் 1949 வரை அந்தக் கரைக்குத் திரும்ப அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்களில் பலர் கிழக்கே வந்து ரொறன்ரோவில் குடியேறினார்கள். அப்படி வந்தவர்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக 1959 இல் தோக்கியோ மக்களின் சார்பில் ஜப்பானியத் தூதர் 2,000 சகுரா மரங்களை இந்த நகரத்து மக்களுக்குக் கொடுத்தார். வலிகாமம் வடக்கில் 1990 இல் வீட்டை விட்டு எழும்பியவர்கள், உயர் பாதுகாப்பு வலயத்து முள்வேலிக்கு வெளியே நின்று தங்கள் கூரையைத் தேடியதை என் சொந்தத்திலேயே பார்த்தவள் நான். அந்தப் பூக்களின் கீழே நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்ததில் வியப்பில்லை. 2020 இல் தொற்றுக் காலத்தில் பார்க்கைப் பூட்டிவிட்டுப் பூவை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். பார்த்தேன். சனம் இல்லாத அந்தச் சரிவு எனக்கு வேறு ஏதோ இடம்போல இருந்தது.

2009 வசந்தத்தில், வன்னியில் இறுதிப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் பூப் பார்க்கப் போகவில்லை. சித்திரையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் வீதியில் உட்கார்ந்திருந்தோம். மே 10 ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினத்தன்று மாலை, கார்டினர் நெடுஞ்சாலையில் எங்கள் சனம் ஏறி அமர்ந்தது. அதற்கு மேல் அந்த வசந்தத்தைப் பற்றி எழுத என்னால் ஏலாது.

மே முதல் வார இறுதியில் ஜேன்ஸ் வோக். நியூயோர்க்கில் இருந்து 1968 இல் ரொறன்ரோவுக்கு வந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, நகரத்தைப் பிளந்துகொண்டு போகவிருந்த ஸ்படைனா அதிவேகப் பாதையை எதிர்த்து மக்களோடு நின்றவர். 1971 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2006 இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் நினைவாக நண்பர்கள் தொடங்கியதுதான் இந்த நடை. யாரும் வழிநடத்தலாம், யாரும் வரலாம், கட்டணம் இல்லை. தெருவில் நீண்ட காலம் வாழ்ந்த ஒருவர் முன்னே நடந்து, இந்த மூலையில் என்ன கடை இருந்தது, இந்த ஓடையை எப்போது குழாய்க்குள் மூடினார்கள் என்று சொல்லிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர்களில் ஒருவர் இடைமறித்துத் தன் ஞாபகத்தைச் சேர்ப்பார். நகரத்தை எனக்குச் சொந்தமாக்கித் தந்தவை அந்த நடைகள். குடியுரிமைப் பத்திரத்துக்கு நான் இரண்டாம் இடம்தான் கொடுப்பேன்.

மே கடைசியில் டோர்ஸ் ஓப்பன். 2000 ஆம் ஆண்டில் இருந்து, வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை ஒரு வார இறுதியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடுகிறார்கள். ஸ்காபரோ எல்லையில், ஏரிக் கரையோரம் இருக்கும் ஆர். சி. ஹாரிஸ் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அப்படித்தான் போனேன். 1941 இல் இயங்கத் தொடங்கிய அந்த இடம் பளிங்கும் பித்தளையுமாக ஓர் அரண்மனை. குழாயில் வருகிற தண்ணீருக்கு ஒரு நகரம் இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறதே என்று நின்றுவிட்டேன். அதைக் கட்டிய குடியேற்றத் தொழிலாளர்களை, கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1987 இல் வந்த தன் நாவலில் எழுதியிருக்கிறார்.

விக்ரோரியா தின நீள் விடுமுறை வந்தால் இனி உறைபனி இராது என்று கணக்கு. ஸ்காபரோவின் பின்வளவுகளில் அன்றைக்குத்தான் மண் கொத்துவார்கள். குளிர்காலம் முழுக்க வரவேற்பறை யன்னலோரத்தில் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் சாடி வெளியே வரும். கத்தரியும் மிளகாயும் நிலத்தில் இறங்கும். எங்கள் வேலிக்கு அப்பால் இருந்த கயானாப் பெண்மணி ஒரு காகிதத்தில் சுற்றிப் பயற்றை விதை தந்தார். பதிலுக்கு நான் பாவற்கன்று கொடுத்தேன். ரூஜ் பள்ளத்தாக்கில் அப்போது ட்ரில்லியம் பூத்திருக்கும். மூன்று இதழ் கொண்ட வெள்ளைப் பூ, 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ. அதன் விதையை எறும்புகள் காவிக்கொண்டு போய்ப் போடும். விதையில் இருந்து முதல் பூ வருவதற்கு ஏழு ஆண்டோ அதற்கு மேலோ செல்லும். பிடுங்கினால் செடி செத்தும் போகலாம். நடைபாதையில் முன்பின் தெரியாத பெரியவர்கள் என் பிள்ளைகளை நிறுத்தி, பறிக்கக் கூடாது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். என் பிள்ளைகளை அவர்களும் வளர்த்தார்கள்.

ஊர் திரும்பி வந்ததில் எனக்கு மனக்குறை இல்லை. பங்குனித் திங்களுக்கு நானும் பானையோடு போகிறேன். அந்தப் புகையும் பொங்கலும் மட்டுவில் கத்தரிக்காய்க் கறியும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் பானை வைக்கக் கல் தேடும்போதே பக்கத்தில் இருக்கிற அம்மா கேட்டுவிடுவார்: "பிள்ளை, நீ ஆற்றை மகள்?" அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஊர், உறவு, சாதி எல்லாம் ஒருங்கே இருக்கின்றன. பதிலைக் கேட்டபிறகுதான் அடுத்த கதை எப்படிப் போகும் என்று முடிவாகும். எல்மைராவின் வரிசையிலும் ஹை பார்க் சரிவிலும் என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தாய் என்று சிலர் கேட்டார்கள். அதற்கான பதிலில் எனக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காததும் தங்கியிருக்கவில்லை. குளிருக்குள் இருந்து தப்பி வந்தவர்கள் என்ற ஒரே உறவு அன்றைக்குப் போதுமாக இருந்தது. நான் ஏங்குவது அந்தக் கூட்டத்துக்கு.

இங்கே அப்படி ஒன்று செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறமுன், காலை ஆறு மணிக்கு, யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் இருந்து பண்ணைக் கரை வழியாக, 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம் வரை, கதை தெரிந்த ஒருவர் முன்னே நடக்கட்டும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம். எந்தத் தெருவில் பிறந்தவரும் எந்த மொழி பேசுகிறவரும் வரட்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்காமல் இருப்போம். முன்னே நடக்க ஒருவர் முன்வந்தால் சொல்லுங்கள். சாவகச்சேரியில் இருந்து முதல் பஸ்ஸில் நான் வந்து நிற்பேன்.