மாங்கேணிப் பக்கம் ஒரு குட்டித் தாரா

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி, நாவலடிச் சந்தியில் பொலன்னறுவைப் பாதையை விட்டு வடக்கே திரும்பினால் முதலில் காயான்கேணி வரும். அடுத்தது மாங்கேணி. அதற்கும் அப்பால் பனிச்சங்கேணிப் பாலமும் களப்பும். ஊர்ப் பெயர்களில் கேணி கேணியாக வருவதைக் கவனித்தீர்களா? ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்புக் களப்பு; நடுவே நல்ல தண்ணீர் எங்கே ஊறியதோ அங்கேதான் மனிதர் குடியேறினார்கள் போலும். நாம் பார்க்கப் போகும் பறவைக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

தாரா என்றதும் முட்டைக்காக வளர்க்கும் வீட்டுத் தாராதான் உங்கள் நினைவுக்கு வரும். காட்டுத் தாராக்களில் குள்ளத்தாரா என்று ஒன்று உண்டு. அலகு முதல் வால் வரை சுமார் ஓர் அடி. எடை ஏறக்குறைய கால் கிலோ. உலகத்துத் தாரா இனங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று இது. அலகு மற்றத் தாராக்களைப் போல் தட்டையாக நீண்டிராமல், குட்டையாக, பெருவாத்தின் அலகைச் சிறிதாக்கியது போல் இருக்கும். அதனால்தான் ஆங்கிலேயர் இதைப் பிக்மி கூஸ் என்று பெரிய வாத்தின் பெயரால் அழைத்தார்கள்!

ஆணுக்கு முகமும் கழுத்தும் பளிச்சென்ற வெள்ளை. உச்சந்தலையில் தொப்பி வைத்தாற்போல் கறுப்பு. கழுத்தடியில் மாலை போட்டது போல் ஒரு கரும்பட்டை. முதுகு வெயில் படும்போது கரும்பச்சையாய் மின்னும். பெண்ணுக்கு இந்த அலங்காரம் இல்லை. மங்கிய பழுப்பும் வெள்ளையும், கண்ணின் குறுக்கே மை தீட்டியது போல் ஒரு கோடும்தான். பொந்தில் அடைகாப்பவளுக்கு அடக்கமான நிறம் நல்லதுதானே!

வேறு பறவைகளை இதுவென்று எண்ணிவிடலாம். நீந்திக்கொண்டே இருந்து 'முங்' என்று மூழ்கி வேறிடத்தில் தலை காட்டுவது முக்குளிப்பான். அது தாராவே அல்ல, அதற்கு வாலும் இல்லாதது போலவே தோன்றும். உடல் முழுதும் செம்பழுப்பாய், பறக்கும்போது விசிலடிப்பது சீழ்க்கைச்சிறகி. அந்திக்குப் பின் வயலுக்கு இரை தேடி இறங்கும். மாரி காலத்தில் வடதேசங்களிலிருந்து வந்து களப்பில் கூட்டமாய் மிதப்பது நீலச்சிறகி. ஆணுக்குக் கண் மேல் வெள்ளைப் புருவம் இருக்கும். அது சித்திரை வாக்கில் திரும்பிப் போய்விடும். குள்ளத்தாராவோ எங்கும் போகாது. இந்த நாட்டுக் குடிதான்.

ஆகவே களப்பு ஓரத்தில் நின்று இதைத் தேடிப் பயனில்லை. உள்ளே, வயலுக்கு நீர் கொடுக்கும் வாகனேரிக் குளம், கட்டுமுறிவுக் குளம் போன்ற நன்னீர்க் குளங்களில், அல்லியும் தாமரையும் மண்டிய மூலைகளைப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே வெள்ளைப் பூ ஒன்று மெல்ல நகர்ந்தால் அது பூவல்ல! நீர்ச்செடிகளின் விதையும் தளிரும் சிறு பூச்சிகளும்தான் இதன் உணவு. பன் வெட்டிப் பாய் இழைக்கும் பெண்களுக்கு இந்தக் கரைகள் பழக்கமானவை. அவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

முட்டையிடுவது தரையில் அல்ல, மரப் பொந்தில். குளக்கட்டு ஓரத்து முதிய மருதமரம் போன்றவை இதற்கு வீடு. பொரித்த குஞ்சுகள் பறக்கத் தெரியாத பருவத்திலேயே உயரத்திலிருந்து 'தொப்' என்று குதித்து, கீழே அழைக்கும் தாயிடம் சேர்ந்துவிடும்.

இதன் விஞ்ஞானப் பெயரில் சோழமண்டலக் கரையின் பெயர் இருக்கிறது. நாகூரும் பரங்கிப்பேட்டையும் உள்ள அதே கரை. 1789இல் அப்படிப் பெயரிட்டார்கள். இந்திய உபகண்டத்துப் பறவைகளைச் சாதாரண வாசகருக்கும் அறிமுகப்படுத்தியவர் பம்பாயைச் சேர்ந்த சாலிம் அலி (1896-1987). அவருடைய பறவை நூல் 1941இல் வெளிவந்தது. அவர் மனைவி தெஹ்மினா காடுமேடெல்லாம் கூடவே அலைந்து உதவியவர். நூல் வெளிவருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1939இல் காலமானார். பெண்களுக்குப் பறவை பார்ப்பது எதற்கு என்பவர்களிடம் அந்த அம்மையாரைச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையை அடித்தது. 2006 கடைசியில் போர் வாகரைப் பக்கத்து மக்களை ஊரை விட்டே துரத்தியது. திரும்பி வந்தவர்கள் வயலும் குளமும் திருத்துவது நியாயமே. ஆனால் குளத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று அல்லி மூலையையும் சேர்த்து வழித்தெடுத்து, கட்டிலுள்ள பொந்து மரத்தை விறகென்று வெட்டிவிட்டால் குட்டித் தாராவுக்கு வீடும் போய்விடும், சோறும் போய்விடும். ஆற்றுவாழையை அள்ளட்டும், அல்லி கொஞ்சம் இருக்கட்டுமே! தாரா ஆகுமான பறவைதானே, பிடித்தால் என்ன என்று கேட்பாரும் உண்டு. கால் கிலோவில் இறகும் எலும்பும் போக ஆணத்துக்கு என்ன மிஞ்சும்? காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை 1937ஆம் ஆண்டுச் சட்டம் வேறு காக்கிறது.

போவதென்றால் சுபஹு தொழுத கையோடு கிளம்புங்கள். வெயில் ஏறினால் இலை மறைவில் ஒதுங்கிவிடும். பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வையுங்கள். ஜோடி எழுந்து தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கும்போது சிறகைக் கவனியுங்கள்: அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் ஆண், ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் என்றால் பெண்.