ஓர் எஞ்சின் கற்றுத் தந்தது

அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பிய ஒரு மாலை, திண்ணையில் கால் வைக்க இடமில்லை. பழைய செய்தித்தாள்களை விரித்து, அவற்றின்மீது கரி படிந்த சிறு எஞ்சின் ஒன்றை என் மகன் பிரித்துப் போட்டிருந்தான்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"தண்ணீர் இறைக்கும் பம்பின் எஞ்சின், அத்தா. இதை வைத்துச் சின்ன வண்டி ஒன்று கட்டப் போகிறேன். 2,500 ரூபாய் வேண்டும்."

அவனுக்கு வயது பதினேழு. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மாணவன். அவன் மதரஸாவில் ஓதி ஆலிமாக வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. அவன் மனமோ இரும்பில் இருந்தது. அந்த ஏமாற்றத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயினும் எங்கள் பேச்சு, "தொழுதாயா? சாப்பிட்டாயா?" என்னும் இரண்டு கேள்விகளுக்குள் சுருங்கிப் போயிருந்தது. அன்றும் நான் வேறெதுவும் கேட்கவில்லை. பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே சென்றேன். கேள்வி கேட்பதைவிடப் பணம் கொடுப்பது எளிதாக இருந்தது.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ஆகையால் அந்தச் சின்ன வண்டியின் கதையை மட்டும் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பாராசூட் படையினருக்காக, 98 சிசி எஞ்சின் பொருத்திய 'வெல்பைக்' என்ற மடக்கு வண்டியைச் செய்தார்கள். அதை உருளைப் பெட்டியில் அடைத்து வானிலிருந்து இறக்கினார்கள். 1961-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், டோக்கியோவை அடுத்த 'தாமா டெக்' கேளிக்கைப் பூங்காவில் சிறுவர்கள் ஓட்டுவதற்காக 49 சிசி குட்டி வண்டியை உருவாக்கியது. அமெரிக்க இளைஞர்களோ 1960-களில் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றிக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி ஓட்டினார்கள். என் மகன் தொடங்கியிருந்தது இந்த மூன்றாம் வகை.

பத்து நாட்களில் வண்டி ஓடியது. ஊருக்கு வெளியே இருந்த என் மச்சானின் தென்னந்தோப்புதான் ஓட்டுகளம். மூன்றாம் நாள் மஃரிபுக்குச் சற்று முன்பு தோப்பிலிருந்து ஆள் ஓடி வந்தார். நான் போய்ப் பார்த்தபோது மகன் மண்ணில் அமர்ந்திருந்தான். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் முட்டை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளிருந்து தெறித்த சூடான எண்ணெய் கெண்டைக்காலில் உள்ளங்கையளவு தோலை வழித்துவிட்டிருந்தது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபோது என் உடல் நடுங்கியது. இறைவன் காப்பாற்றினான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், "நாளைக்கே எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன்" என்றேன். மகன் பதில் பேசவில்லை. என் மனைவிதான் மெல்லச் சொன்னாள்: "போடுங்கள். ஆனால் அது ஏன் உடைந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்."

மறுநாள் உடைந்த எஞ்சினை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த பாய் முப்பது ஆண்டுகளாகப் பம்பு எஞ்சின் பார்ப்பவர். ஓட்டைக்குள் விரலை விட்டு இரண்டு துண்டுகளை வெளியே எடுத்தார்.

"கனெக்டிங் ராடு போய்விட்டது, ஹஜ்ரத். தம்பி, கவர்னரைக் கழற்றினாயா?"

மகன் தலைகுனிந்தான்.

அதன்பின் பாய் விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். இத்தகைய எஞ்சினின் வயிற்றுக்குள் சிறு பல்சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதில் இரண்டு எடைத்துண்டுகள் உள்ளன. வேகம் கூடும்போது அவை வெளிப்புறமாக விரிந்து ஒரு முளையைத் தள்ளும். அந்த முளை ஒரு நெம்புகோலைத் திருப்பிக் கார்புரேட்டரின் வாயைச் சற்று மூடும். நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றுக்கு மேல் எஞ்சின் போகாமல் பிடித்து வைப்பது இதுதான். இதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் 5,000 சுற்றையும் தாண்டி ஓடும். ஓட்டுபவனுக்குப் பெருமையாகவும் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ராடு வார்ப்பு அலுமினியம். வேகம் ஒன்றரை மடங்கானால் அதை இழுக்கும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. வால்வின் ஸ்பிரிங்கும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து மூடாது. கவர்னரைக் கழற்ற விரும்புகிறவர்கள் உறுதியான உலோகத்தில் கடைந்த ராடும், கனத்த ஸ்பிரிங்கும், உயர்வேகத்தைத் தாங்கும் ஃப்ளைவீலும் முதலில் மாற்ற வேண்டும். அவற்றின் விலை எஞ்சினின் விலையை விட அதிகமாகிவிடும்.

"பையன் கெட்டதைச் செய்யவில்லை, ஹஜ்ரத், தெரியாததைச் செய்தான்" என்றார் பாய்.

அந்தச் சொல் என்னைத்தான் தைத்தது. அவனுக்குத் தெரியுமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே! திரும்பும் வழியில் கேட்டேன்: "மறுபடியும் கட்டினால் எப்படிக் கட்டுவாய்?" மகன் என்னை வியப்போடு பார்த்தான். வீடு வரும்வரை அவனே பேசினான்.

பட்டறையில் கிடந்த அதே வகை 196 சிசி எஞ்சின் ஒன்றைப் பாய் குறைந்த விலைக்குத் தந்தார். நான் ஒரு நிபந்தனை விதித்தேன்: ஒவ்வொரு வேலையும் இஷாவுக்குப் பின் என் முன்னிலையில் நடக்க வேண்டும், ஒவ்வோர் அளவும் நோட்டில் ஏற வேண்டும். ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

பிஸ்டன் ரிங்குகளின் வாய்கள் ஒரே நேராக நில்லாமல் விலகி நிற்க வேண்டும் என்று படித்தேன்; அப்படியே வைத்தான். ராடின் மூடியைப் பூட்டிவிட்டுக் கிராங்கைச் சுழற்றியபோது சற்று இறுக்கமாக இருந்தது. "ஓட ஓடச் சரியாகிவிடும், அத்தா" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. டார்ச் ஒளியில் உற்றுப் பார்த்தேன். ராடில் இருந்த சிறு குறியும் மூடியில் இருந்த குறியும் எதிரெதிர்ப் பக்கமாக இருந்தன. ஒரு ஜபர், ஒரு ஜேர் மாறினால் பொருளே மாறிவிடும் எழுத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பித்த கண் அல்லவா! மூடி தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தது. கழற்றித் திருப்பி, 12 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினான். கிராங்க் வழுக்கிக்கொண்டு சுழன்றது. "நீங்கள் பார்க்காவிட்டால் இதுவும் போயிருக்கும், அத்தா" என்றான். எத்தனையோ மாணவர்கள் என்னிடம் நன்றி கூறியிருக்கிறார்கள். அன்று போல் நான் நெகிழ்ந்ததில்லை.

கவர்னரை இம்முறை தொடவில்லை. அந்த எல்லைக்குள் என்ன திருத்தம் செய்யலாமோ அதைச் செய்தோம். வால்வுகளைப் பசை தடவித் தேய்த்துக் காற்றுப் புகாமல் அமர்த்தினான். எஞ்சின் குளிர்ந்த நிலையில், காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தான். தடையில்லாத புகைக்குழாய் வைத்ததால் உள்ளே போகும் காற்று கூடும். அதற்கேற்பப் பெட்ரோலும் கூடாவிட்டால் எஞ்சின் சூடேறும். ஆகவே கார்புரேட்டரின் ஜெட்டை ஒரு படி பெரிதாக மாற்றினான். ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பான். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் மிகுதி, இளம்பழுப்பாக இருந்தால் சரி.

இந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறு துடுப்பு எண்ணெயை வாரி இறைப்பதுதான் எல்லா உறுப்புகளுக்கும் உணவு. மொத்தம் 600 மில்லி. அளவு குறைந்தாலும், எஞ்சினைச் சாய்வாகப் பூட்டினாலும் துடுப்புக்கு எண்ணெய் எட்டாது. எனவே சட்டத்தில் எஞ்சினை மட்டம் பார்த்துப் பூட்டினோம்.

வேகக் கணக்கை நோட்டில் நானே போட்டேன். முன் சக்கரப் பல் 12, பின் சக்கரப் பல் 72. ஆறு சுற்றுக்கு ஒரு சுற்று. 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு, 3,600 சுற்றில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். "இது போதுமா?" என்றேன். "தோப்புக்கு இது அதிகம், அத்தா" என்று அவனே சிரித்தான். கைவிட்டால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங், விரலுக்கு எட்டும் நிறுத்து பொத்தான், நல்ல பிரேக், தலைக்கவசம் ஆகிய நான்கும் இல்லாமல் வண்டியைக் கிளப்புவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டான்.

பெற்றோர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 25 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட இரு சக்கர வண்டி மோட்டார் வாகனமே. பதிவு இல்லாமல் அதைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. எனவே எங்கள் வண்டி தோப்பின் வேலியைத் தாண்டுவதில்லை.

முதல் ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டி, எண்ணெயை வடித்தபோது அதில் மெல்லிய உலோகப் பொடி மின்னியது. புதிய எண்ணெய் ஊற்றினோம். அதன்பின் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு குறையும் இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் எண்ணெய் அளவு பார்ப்பது என் வேலை. அவன் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்வான். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் 2,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போன அந்த மாலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பிள்ளை எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் சற்று அருகில் அமர்ந்து, அது என்னவென்று கேளுங்கள்.