பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையும் நம் வீட்டு அடுப்படியும்

சேலை எடுக்கவும் பசியாறவும் பிரிக்பீல்ட்ஸ் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. அடுத்த முறை கேஎல் சென்ட்ரலில் இறங்கித் துன் சம்பந்தன் சாலையில் நடக்கும்போது, பூக்கடையைப் பார்த்த கண்ணால் கொஞ்சம் தரையையும் பாருங்கள். நடைபாதையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பார்கள். அழகுக்காக அல்ல. நீளமான மேடு காலில் பட்டால் ‘நேரே நட’. உருண்டைப் புள்ளிகள் பட்டால் ‘நில், கவனி’. ஜப்பானியரான செய்ச்சி மியாகே 1965இல் உருவாக்கிய ஓடு இது. 1967இல் ஒகாயாமா நகரில் முதலில் பதித்தார்கள்.

இங்கே இந்த ஓடுகளுக்கு வேலை அதிகம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. படிக்க, தொழில் பழக, உடம்பு பிடித்துவிடும் கடை நடத்த என்று பார்வையற்றவர்கள் பலர் வந்து தங்கிய இடம். வெள்ளைக் கோலைத் தட்டியபடி, யார் துணையும் இல்லாமல் தேநீர் குடிக்கப் போவார்கள். அதே ஓட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மல்லிகைப்பூ வாங்கப் போகிறவர்களும் உண்டு. அவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை.

அந்த ஓட்டைப் பார்த்தால் எனக்கு அடுப்படி ஞாபகம்தான் வருகிறது. இனிப்பு நீரால் பார்வை மங்கிய அம்மாவோ பாட்டியோ நம்மில் எத்தனை வீட்டில்! பெரட்டுக்கு முன்னே இருட்டில் எழுந்து சோறாக்கிய கை. “நீங்க உட்காருங்கம்மா, சுட்டுக்குவீங்க” என்று அன்போடுதான் சொல்கிறோம். அன்றிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேலையே இல்லாமல் போகிறது.

யோசித்துப் பாருங்கள். உலைத் தண்ணீரை விரல் கணுவால் அளந்தார். கடுகு பொரிவதைக் காதால் கேட்டார். மசாலாவின் பச்சை வாசம் போனதா என்பதை மூக்கு சொன்னது. லயத்து மண்ணெண்ணெய் விளக்கில் கண் எவ்வளவு உதவியது? அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாஸ்டர்செப் சமையல் போட்டியில் வென்ற கிறிஸ்டின் ஹா பார்வையற்றவர்தான்.

வேண்டியதெல்லாம் அந்த மஞ்சள் ஓட்டைப் போலத் தொட்டால் தெரியும் அடையாளங்கள். சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், உப்புக்கு இரண்டு. (பால் மரம் சீவியவர்களிடம் ரப்பரின் பெருமையை நான் சொல்ல வேண்டாம்.) கேஸ் அடுப்பின் திருகு அணைந்து நிற்கும் இடத்தில் நகச்சாயத்தால் தடித்த ஒரு பொட்டு. சட்டியை முதலில் அடுப்பில் சரியாக உட்கார வைத்துவிட்டுப் பிறகு பற்றவைக்க வேண்டும். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வடையைக் கையால் போடாமல் நீளக் கரண்டியில் வைத்து எண்ணெய்க்குள் சரிக்கலாம். கோப்பை நிறையும்போது ‘கீ’ என்று கத்தும் சின்னக் கருவியும், எடையை வாய்விட்டுச் சொல்லும் தராசும் உண்டு. வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டாலும் குழம்பு கொதிக்கும்.

உண்மையில் புதிதாகப் பழக வேண்டியவர்கள் பார்வை உள்ள நாம்தான். மருமகள் அவசரத்தில் உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தால், அன்றைக்கு அத்தைக்கு அடுப்படியே தொலைந்துபோகிறது. நடைபாதை மோட்டார் சைக்கிளைப் போலத்தான் வழியில் போட்ட முக்காலியும், திறந்தபடி விட்ட அலமாரிக் கதவும். “அங்கே இருக்கு” என்றால் எங்கே? “வலப்பக்கம், சூடான சட்டி” என்று சொல்லுங்கள். தட்டு வைக்கும்போது கடிகார முகத்தைப் போல, “கறி மூன்று மணியில், கீரை ஒன்பது மணியில்” என்றால் போதும். அதைச் சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

ஒன்று மட்டும். கழுவும் தொட்டியின் நுரைத் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டு வைக்காதீர்கள். அது யார் விரல் என்று கேட்டுக்கொண்டு வெட்டாது.