பாதைக்கும் ஒரு ஹக் உண்டு

 

தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என மார்க்கக் கடமைகளை விரல் விட்டு எண்ணிச் சொல்கிறோம். ஆனால் வண்டிச் சாவியைக் கையில் எடுத்ததும், அங்கே மார்க்கத்திற்கு வேலையில்லை என்பது போல் நடந்து கொள்கிறோம். சாலை என்பது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட இடம் என்பதைப் பலரும் சிந்திப்பதில்லை.

கோவையிலிருந்து காங்கயம் வழியாகக் கரூருக்கும் திருச்சிக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில்தான் நம் வெள்ளகோவில் இருக்கிறது. நூல் மூட்டை ஏற்றிய வேன்கள், எண்ணெய் ஆலைகளுக்குத் தேங்காய்ப் பருப்பு கொண்டு வரும் லாரிகள், ஆட்களை ஏற்றிச் செல்லும் பனியன் கம்பெனி வண்டிகள், ஒன்றையொன்று முந்தும் பேருந்துகள் என இச்சாலைக்கு ஓய்வே இல்லை. அஸருக்குப் பின் நம் மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளில் சிலர் இதைக் கடந்தே வர வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த நேரத்தில் சாலையோரம் போய் நிற்பதை நாம் வழக்கமாக்கிக் கொண்டோம்.

அங்கு நிற்கும் சில நிமிடங்களில் நாம் காண்பவை கொஞ்சமல்ல. ஒரு கையில் கைபேசியும் மறு கையில் வண்டியுமாகச் செல்வோர், எதிர்த்திசையில் கூசாமல் வருவோர், ஒரே வண்டியில் மூவராகவும் நால்வராகவும் செல்வோர், இருட்டியபின் எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும்படி விளக்கை எரிய விடுவோர் எனப் பட்டியல் நீளும். ஒருநாள் பிள்ளைகள் பாதிச் சாலையைக் கடந்த பிறகும் ஒரு பேருந்து வேகத்தைக் குறைக்காமல் ஏர்ஹாரனை அலறவிட்டபடி வந்தது. பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டோம். நிறுத்தத்தில் நின்ற அதன் ஓட்டுநரிடம் போய்க் கேட்டபோது, "என்னங்க பண்றது, டைமிங் போயிருமுங்க" என்றார். அவர் முகத்திலும் களைப்புத்தான் தெரிந்தது. நிமிடக் கணக்கில் பேருந்துகளை ஓடவிட்டு, பிந்தினால் வசூல் போய்விடும் என்ற நிலையை உண்டாக்கியவர்களுக்கும் இதில் பங்குண்டு.

விதிகளைப் பற்றிய மக்களின் மனக்குறையையும் நாம் மறுக்கவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் இல்லையேல் 1,000 ரூபாய். விசைத்தறியில் கூலி வேலை பார்ப்பவருக்கு அது பெருந்தொகை. அவரை நிறுத்துபவர்கள் ஏர்ஹாரனையும் கண் கூசும் விளக்கையும் அதே முனைப்புடன் நிறுத்துவதில்லையே என்ற கேள்வி நியாயமானது. வேக வரம்பிலும் அப்படித்தான். 2018-ல் மத்திய அரசு அதை உயர்த்தி அறிவித்தது. 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஆக, விதி இட்டவர்களும் தவறலாம். அதை மனுவாகவும் வழக்காகவும் கேட்க வழி இருக்கிறது.

அதுவரை அந்த விதியை மீறலாமா? 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஷரீஅத்திற்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கப்படியும் கடமையே என்று தீர்மானித்தது. உயிரையும் பொருளையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கங்களில் அடங்கும் என்பதே இதன் அடிப்படை. எண்ணிக்கையைப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். தலைக்கவசம் அணியாததால் நாடு முழுதும் 50,029 உயிர்கள் போயின.

விபத்து நடந்த வீட்டில், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லித் தேற்றுகிறோம். இழந்தவருக்கு அது ஆறுதல். ஓட்டியவருக்கு அதுவே தப்பிக்கும் வழியாகிவிடாது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவருக்கும் நஷ்டஈட்டையும் பரிகாரத்தையும் சூரத்துன் நிஸா விதிக்கிறது. விடுதலை செய்ய அடிமை இல்லாத நிலையில் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். வேண்டுமென்றே செய்யாததற்கே இவ்வளவு என்றால், வேகத்தைத் தெரிந்தே தேர்ந்தவர் எத்தனை அஞ்ச வேண்டும்!

பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம் கூறியபோது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அதில் சேர்த்தார்கள். ஹிஜ்ரி 10-ல், அரஃபாவிலிருந்து திரும்பும் பெருங்கூட்டத்தில், ஒட்டகங்களை அதட்டி விரட்டும் ஓசை கேட்டபோது, விரைவதில் நன்மை இல்லை, நிதானமாகச் செல்லுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். ஹஜ்ஜின் பயணத்திலேயே விரட்டுதல் கூடாதென்றால், ஜும்ஆவுக்குப் பிந்திவிட்டோம் என்று பள்ளி முனையில் பறப்பதும், பள்ளிக்கு முன் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பிறர் வழியை அடைப்பதும் எப்படி இபாதத்தில் சேரும்?

இப்படித்தான் நம் மாணவர் ஒருவர், பதினைந்து வயது, ஸ்கூட்டரில் ஓத வந்தார். தந்தையை அழைத்துப் பேசினோம். "பக்கத்துலதானுங்க அஜ்ரத், சந்து வழியாத்தான் வர்றான்" என்றார். "பாய், அந்தச் சந்து மெயின் ரோட்டில்தானே வந்து சேர்கிறது? சிறுவர் ஓட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அதைவிட, நடந்து வரும் ஒரு சிறுபிள்ளை மீது மோதிவிட்டால் நாளை மறுமையில் நானும் நீங்களும் என்ன சொல்வோம்?" என்றோம். அவருக்கு வருத்தம்தான். இரண்டு நாள் பையனை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளில் வந்தார். வண்டியில் வருவோருக்கு மதரஸாவில் இடமில்லை என்ற முடிவால் ஒரு மாணவரை இழந்திருக்கக் கூடும். இருந்தும் அதில் நாம் தளரவில்லை.

2024 ஜூலையில் இதே வெள்ளகோவிலில் பள்ளி வேன் ஓட்டி வந்த ஒருவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் போகும் வேதனையிலும் வேனை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு, அவர் இறந்து போனார். முதலமைச்சர் அவரைப் பாராட்டி, குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் நிதி அறிவித்தார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தைக் கடைசி மூச்சுவரை காத்த மனிதர் அவர். உடல்நலத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நாம் பிரேக்கில் கால் வைக்க யோசிக்கலாமா?

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்திருக்கிறோம். நாமே பிறர் பாதையில் முள்ளாகிவிடாமல் வல்ல ரஹ்மான் காப்பானாக. ஆமீன்.