ஸ்நான அறைத் தரை

சென்ற மார்கழியில் நம் அன்னையார் ஸ்நான அறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வழவழப்பான பழைய தரையே குற்றவாளி. கொத்தனாரோ மூன்று மாதமாக "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே, கோடை விடுமுறையில் நாமே கரணையைக் கையில் எடுத்தோம்.

பழைய தரையைப் பெயர்த்தோம். சொரசொரப்பான செராமிக் டைல்களை வாங்கித் தண்ணீரில் ஊறப்போட்டோம். ஊறாத டைல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு ஏது? பதித்த ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். வெற்றொலி கேட்டால் அடியில் கலவை நிறையவில்லை என்று பொருள். எடுத்து மறுபடி பதித்தோம். இருபது ஆண்டுகளாகக் கணிதம் போதிக்கிறோம் அல்லவா? ரசமட்டத்தின் குமிழி நடுவிலேயே நிற்கும்படி அவ்வளவு சமமாக அமைத்துவிட்டோம்!

அன்னையார் கதவருகில் நின்று பார்த்தார்.

"ஏண்டா, தண்ணீர் எந்தப் பக்கமாய்ப் போகும்?"

நமக்குச் சொரேலென்றது. துளையை நோக்கி அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் வேண்டும். இல்லையேல் நீர் தேங்கிப் பாசி பிடித்து, எந்த வழுக்கலுக்கு அஞ்சினோமோ அதுவே திரும்பி வரும். கலவை இறுகுமுன் அத்தனையையும் பெயர்த்தோம். நூல் பிடித்து வாட்டம் பார்த்துப் பதித்து முடிக்க இரவு பத்து மணியாயிற்று. ஒரு மூலையில் கொஞ்சம் கோணல்தான். அதன் மேல் வாளியை வைத்திருக்கிறோம்.

நான்காம் நாள் அன்னையார், தேறிய கையாலேயே ஒரு செம்பு நீரை மூலையில் ஊற்றினார். அது துளைக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வெந்நீர் போடச் சொல்" என்றார்.